முகம் பார்த்து ஊற்றியவர்

சாப்பிடுகிறவர் முகத்தை உற்றுப் பார்க்கக் கூடாது என்று எங்கள் காயல்பட்டினத்தில் பிள்ளைகளை அதட்டி வளர்ப்பார்கள். கண் பட்டுவிடுமாம். அண்ணாச்சிக்கு அந்தப் பார்வைதான் சோறு போட்டது. ராஸ் அல் கைமாவில் கடலைப் பார்த்து நிற்கும் ஒரு ஓட்டலில் அவர் ஒயின் ஊற்றுகிறவர். அதே சாப்பாட்டுக் கூடத்தில் ஐஸ் குவியல்மேல் மீனையும் இறாலையும் அடுக்கி, கேட்கிறவர்களுக்குச் சிப்பியைக் கத்தியால் நெம்பித் திறந்து கொடுக்கிறவன் நான். ஒரு துளி மது ஆகாத நானும், நாள் முழுக்க மது ஊற்றுகிற அவரும் பல வருஷம் பக்கத்தில் பக்கத்தில் நின்று பிழைத்தோம். வளைகுடாவில் இதையெல்லாம் யாரும் அதிசயமாக எண்ணுவதில்லை.

முதலில் கிளாஸில் ஒரு வாய் அளவுக்குத்தான் ஊற்றுவார். பிறகு அரை அடி பின்னால் நகர்ந்து, முன்கையில் மடித்துப்போட்ட வெள்ளைத் துணியோடு நிற்பார். விருந்தாளி கிளாஸைத் தூக்கும்போது அவர் பார்வை கண்ணுக்குப் போகாது, மூக்குக்குக் கீழே போகும்.

"கண்ணு பொய் சொல்லும், வாயி பொய் சொல்லும். மேலுதட்டுக்கு மட்டும் பொய் சொல்லத் தெரியாது வே. அது பாட்டுக்குச் சுருங்கிரும்" என்பார்.

அந்த உதடு சுருங்கினால் விருந்தாளி வாயைத் திறக்கும் முன்பே அவர் கை பாட்டிலின் கழுத்தில் இருக்கும். மன்னிக்க வேண்டும் ஐயா, வேறு கொண்டுவருகிறேன் என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு உள்ளே போவார். வாதாடினார், விளக்கம் சொன்னார் என்று ஒரு நாளும் கிடையாது. ஒரு தடவை, கூட வந்த பெண்ணிடம் வீறாப்புக் காட்டுவதற்காக ஒருவன் நல்ல பாட்டிலைக் கெட்டது என்று சொல்லித் தள்ளினான். அதையும் அதே வாசகத்தோடு எடுத்துக்கொண்டு வந்து என் கவுண்டர் ஓரம் வைத்தார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

"நல்லா இருக்குன்னு மூஞ்சிக்கு நேரே சொல்ல வேண்டியதுதானே அண்ணாச்சி?"

"அவன் உதடு நல்லா இருக்குன்னு எனக்குச் சொல்லியாச்சு. அது போதும். அவன் அந்தப் பிள்ளைக்கு முன்னால தோக்கணுமாக்கும்?"

ஸ்டாஃப் கேன்டீனிலும் இதே பழக்கம். புதிதாக வேலைக்கு வந்த யாராவது முதல் கவளத்தை வாயில் வைக்கும்போது தட்டைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நிற்பார். ரூம் கூட்டும் வேலைக்கு வந்த ஒரு நேபாளத்துப் பெண் சாம்பாரில் முதல் வாய் வைத்தாள். இவர் போய் எங்கிருந்தோ ஊறுகாய் கொண்டுவந்து அவள் தட்டில் வைத்தார். திரும்பி வந்து என்னிடம், "இவ நிக்க மாட்டா வே, போயிருவா" என்றார். அதேபோல அவள் போய்விட்டாள். எனக்கு அவரைப் பார்த்தால் கொஞ்சம் பயமாகவும் இருக்கும். நான் எங்கள் வழக்கப்படி தாடியை விட்டு மீசையை ஒட்டக் கத்தரித்துக்கொள்கிறவன். "உம்ம மூஞ்சி கதவில்லாத வீடு வே. நீரு எதையும் ஒளிக்க முடியாது" என்று சிரிப்பார்.

அவர் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக் கிராமத்துக்காரர், கிறிஸ்தவர், எங்கள் பக்கத்துப் பேச்சில் வேதக்காரர். ஓட்டலில் பிலிப்பைன்ஸ்காரர்கள் அங்கிள் என்பார்கள், மேனேஜர் பேர் சொல்லிக் கூப்பிடுவார். எனக்கு அண்ணாச்சி. ஊரில் அவருக்கு 'ஓட்டல் சூப்பர்வைசர்' என்று பேர். என்ன வேலை என்று அவர் மனைவி கடைசி வரை யாரிடமும் விளக்கவில்லை. விளக்கினால் சாராயக்கடையில் நிற்கிறார் என்றுதான் ஊர் எடுத்துக்கொள்ளும். அவர் ஒரு நாள்கூட நிலை தவறி நான் பார்த்ததில்லை. ஒரு வாய் ருசி பார்ப்பார், அவ்வளவுதான்.

அவ்வளவு பாட்டில்களில் அவர் மனசு ஒன்றில்தான் கிடந்தது. ஷாப்லி. வெள்ளை ஒயின். முதலில் அது ஒரு ஊரின் பேர், ஊரின் பேரால் ஒயினுக்கும் அந்தப் பேர். பிரான்சில் பர்கண்டி என்ற பெரிய ஒயின் நாட்டைச் சேர்ந்ததுதான், ஆனாலும் அதிலிருந்து வடக்கே விலகித் தனியாகக் கிடக்கிற குளிர்ப் பிரதேசம். ஷார்டனே என்கிற ஒரே திராட்சையில்தான் அதைச் செய்வார்கள். மற்ற ஊர்களில் அதே திராட்சை மரப்பீப்பாயில் கிடந்து வெண்ணெய் போலக் கொழுத்துப்போகுமாம். ஷாப்லியில் குளிரில் பழுத்து, பெரும்பாலும் எஃகுத் தொட்டியிலேயே இருந்து, மெலிந்து கூராக வருமாம். ஏப்ரல் மாசம் தளிர் விடும் நேரத்தில் பனி விழுந்தால் அந்த வருஷத்து வெள்ளாமை போச்சு. அதனால் விவசாயிகள் கொடிகளுக்கு நடுவே வரிசையாகத் தீ வைத்துக் காவல் இருப்பார்கள் என்று, கூட இருந்து பார்த்தவர் மாதிரி சொல்லுவார். அவர் போனதில்லை. லாக்கர் கதவின் உள்பக்கம் அந்த ஊரின் வரைபடத்தை ஒட்டிவைத்திருந்தார். ஒரு சின்ன ஆறு, ஆற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சரிவுகள், வெயில் விழும் சரிவில் உயர்ந்த ரகங்கள். வேலைக்கு உடை மாற்றும்போதெல்லாம் அதைப் பார்ப்பார்.

"அந்த மண்ணு பூராவும் சிப்பி வே. பூர்வ காலத்துல அது கடலு. கடலு வத்திப்போயி, சிப்பியெல்லாம் இறுகி, சுண்ணாம்புக் கல்லாக் கிடக்கு. அதுல வேரு விட்டு வருது இந்தப் பழம். அதான் இதை உம்ம சிப்பியோட வச்சாத்தான் வாயி திறக்கும். ஒரே வீட்டுப் பிள்ளைய ரெண்டும்."

ராஸ் அல் கைமாவில் கல்குவாரிகளுக்குக் குறைவில்லை. குவாரியில் வேலை பார்த்த அவர் ஊர்க்காரர் ஒருவர் மலையிலிருந்து ஒரு சுண்ணாம்புக் கல்லைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். உள்ளங்கை அகலம், மேலே சிப்பி பதிந்த வரிகள். அதைத் தண்ணீரில் நனைத்து முகர்ந்து பார்ப்பார். சில சமயம் நாக்கால் தொட்டும் பார்ப்பார். "இந்த மலையும் கடலாக் கிடந்ததுதான். இங்கயும் கொடி வச்சிருக்கலாம், வெயிலுதான் விடாது" என்று ஒரு நாள் ரொம்ப வருத்தமாகச் சொன்னார்.

எதோடு எது சேரும் என்பதில் மட்டும் அவர் விட்டுக்கொடுக்க மாட்டார். ஷாப்லிக்குச் சிப்பி, அவித்த நண்டு, வெண்ணெயில் வாட்டிய வெள்ளை மீன், இளசான ஆட்டுப்பால் சீஸ். மிளகாய் ஆகாது, இனிப்பு ஆகாது. ஒரு குடும்பம் கோபி மஞ்சூரியனுக்கு அதைக் கேட்டபோது அவர் பட்ட பாட்டை நான் கவுண்டரிலிருந்து பார்த்தேன். ஏதோ பெண்ணைக் கிணற்றில் தள்ளச் சொன்ன மாதிரி நின்றார். கடைசியில் அவர்கள் பீருக்கு மாறினார்கள்.

நம் சாப்பாட்டில் எது சேரும் என்று ஒரு நாள் கேட்டுவைத்தேன். பல நாள் யோசித்துவிட்டு வந்து சொன்னார்.

"மீன் சொதி. தேங்காப்பால்ல, பச்சை மிளகாயைக் கீறாம முழுசாப் போட்டு, எலுமிச்சங்காய் பிழிஞ்சு. காரம் தெரியக் கூடாது. ஒரு நாளு எங்க வீட்டுக்கு வாரும், என் கையால வச்சுத் தாரேன். நீரு தண்ணி குடியும், நான் ஷாப்லி குடிக்கேன். அன்னைக்கி உம்ம மூஞ்சியப் பாக்கணும்."

அதற்குப் பிறகு சம்பளம் குறைந்தாலும், லீவு மறுக்கப்பட்டாலும், யார் யாரை ஏசினாலும், சொதி வைக்கிற அன்னைக்கி எல்லாம் சரியாப்போகும் என்பார்.

பெருந்தொற்றுக் காலத்தில், நாங்கள் தங்கியிருந்த கேம்ப்பில் எங்கள் எல்லாருக்கும் காய்ச்சல் வந்தது. எல்லாருக்கும் மூக்கு அடைத்தது, எல்லாருக்கும் திறந்தது. அண்ணாச்சிக்கும் திறந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தோம். ஓட்டல் மறுபடி திறந்தபோது அவர் பழையபடி ஊற்றினார், பழையபடி பேசினார். ஈரச் சுண்ணாம்பு, பச்சை ஆப்பிள், எலுமிச்சைத் தோல், கடைசியில் கொஞ்சம் கடல் என்று விருந்தாளிகளுக்கு அதே வார்த்தைகள்.

ஒரு காலையில் குளிர்பெட்டி வேலை செய்யாத வண்டியில் மீன் வந்து இறங்கியது. பெட்டியைத் திறந்ததும் கிச்சனில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். அண்ணாச்சி பெட்டிக்குப் பக்கத்தில் நின்று டீயில் பிஸ்கட்டை நனைத்துத் தின்றுகொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பார்த்த மறுகணமே பிஸ்கட்டைக் கீழே போட்டுவிட்டு மூக்கைப் பொத்தினார். எல்லாரையும்விட அந்தக் கை பிந்தித்தான் எழுந்தது.

"எப்பிடி அண்ணாச்சி ஓட்டுறீங்க?" என்று தனியாகக் கூட்டிப்போய்க் கேட்டேன்.

"மூஞ்சிய வச்சித்தான் வே. உதடு சுருங்குனா எடுத்துருதேன். இதுவரைக்கும் மாட்டல."

பர் துபாயில் ஒரு டாக்டரைப் பார்த்திருக்கிறார். தினமும் கிராம்பையும் எலுமிச்சையையும் முகர்ந்து பழகச் சொல்லியிருக்கிறார்கள். இவர் அவற்றோடு அந்தக் கல்லையும் நனைத்து வைத்துக்கொண்டு, காலையில் கட்டிலில் உட்கார்ந்து முகர்ந்துகொண்டிருப்பார். பக்கத்துக் கட்டில்காரர்கள் ஜெபம் செய்கிறார் என்று நினைத்தார்கள்.

மூக்கில்லாமல் ஒயின் ஊற்றுவதில் உள்ள ஆபத்து கார்க். எவ்வளவு உயர்ந்த பாட்டிலானாலும் எப்போதாவது ஒன்றில் கார்க் கெட்டு, நனைந்த அட்டைப்பெட்டி வாடை ஏறிவிடும். பார்த்தால் தெரியாது. ஊற்றுகிறவன்தான் மோந்து கண்டுபிடித்து ஒதுக்க வேண்டும். அதுதான் அந்த வேலை. அதற்கு நானே ஒரு வழி சொன்னேன். ஐஸ் எடுக்க வருகிற சாக்கில் சின்னக் கப்பில் கொஞ்சம் ஊற்றி என் கவுண்டருக்குள் வைத்துவிடுவார். நான் குனிந்து ஐஸ் அள்ளும்போது மோந்துகொள்வேன். நல்லதாக இருந்தால் பேசாமல் ஐஸைக் கொடுப்பேன். கெட்டிருந்தால் "ஐஸ் முடிஞ்சிருச்சு அண்ணாச்சி" என்பேன். மீன்காரன் மூக்கு, எளிதில் ஏமாறாது. மோந்து பார்ப்பது ஆகுமா ஆகாதா என்று மார்க்கம் படித்த எங்கள் ஆலிம்சாவிடம் நான் கேட்கவில்லை. கேட்டால் அவர் பதில் சொல்லிவிடுவார்.

இப்படியே ஓடியது. ஒரு பாட்டிலும் தப்பவில்லை. இடையில், எங்கள் ஓட்டலுக்கு ஒயின் கொண்டுவந்து கொடுக்கும் கம்பெனிக்காரன் ஒரு செய்தி கொண்டுவந்தான். ஷாப்லியிலிருந்து ஒரு விவசாயி, சொந்தத் தோட்டத்தில் ஒயின் செய்கிறவர், வரப்போகிறார். இங்கே இருக்கிற ஓட்டல்களில் ஒயின் ஊற்றுகிறவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து அறுவடைக்குத் தன் ஊருக்கு அழைத்துப்போவார். கம்பெனிக்காரன் அண்ணாச்சி பேரைத்தான் முதலில் சொல்லியிருந்தான்.

அன்றைக்கு அவர் முகத்தை நான் பார்த்தேன். மறுபடி மறுபடி லாக்கரைத் திறந்து வரைபடத்தைப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு கேன்டீனில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"அந்த மண்ணுல போய் நின்னா எனக்கு மூக்கு திறந்துரும் வே. மழை பெஞ்ச கல்லு, பூராச் சிப்பி. அதுக்குத் திறக்கலன்னா பிறகு எதுக்குத் திறக்கும்? வேளாங்கண்ணிக்கு நேர்ச்சை வச்ச மாதிரி வச்சிருக்கேன்."

எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் இன்ஷா அல்லாஹ் என்றேன்.

அந்த விவசாயி வந்தது ரமலானில். நோன்பின் முதல் நாளிலிருந்தே அண்ணாச்சி என் கவுண்டருக்குள் கப் வைப்பதை நிறுத்திவிட்டார். நோன்பு திறந்த பிறகு நானாகவே கேட்டேன்.

"தாங்க அண்ணாச்சி, நோன்புதான் திறந்தாச்சே."

"வேண்டாம் வே. கொஞ்ச நேரத்துல பள்ளியில போய்த் தொழுகைக்கு நிக்கணும்லா? இந்த ஒரு மாசம் அந்த மூக்கை அல்லாவுக்கு விட்டுரும். எங்களுக்கும் ஈஸ்டருக்கு முந்தின தவசு நடக்கு. நோன்பு வச்ச மனுசன் மூஞ்சிக்கு நேரே சரக்கை நீட்டுனா எனக்கு அடுக்காது."

"தப்பா ஏதாவது ஆயிட்டா?"

"மூஞ்சி இருக்குல்லா, பாத்துக்கிடலாம்."

நான் வற்புறுத்தினேன். அடுத்த நாளும் வற்புறுத்தினேன். மனுஷன் அசையவில்லை. நல்ல மனசுக்காரர்களின் பிடிவாதத்தை மட்டும் யாராலும் வெல்ல முடியாது. அவர்கள் நமக்காகத்தான் பிடிவாதம் பிடிக்கிறார்கள், நாம் என்ன சொல்லித் தடுப்பது?

விருந்து அன்று மாலை பாங்கு சொன்னதும், நான் பேரீச்சம்பழம் தின்று தண்ணீர் குடித்துவிட்டுக் கவுண்டருக்கு வந்து நின்றேன். எனக்கு எதிரேதான் நீள மேஜை. அண்ணாச்சி பாட்டில்களைத் திறந்துகொண்டிருந்தார். இன்று ஒரு நாள் மட்டும் என்று கையை நீட்டினேன்.

"அவரே தோட்டத்துல இருந்து கொண்டாந்த பாட்டிலு வே. அதுல என்ன கோளாறு வரப்போவுது?" என்று சிரித்துவிட்டுப் போனார்.

விவசாயி வயதானவர். எங்கள் குவாரித் தொழிலாளிகளின் கை மாதிரி வெடித்த கை. முகத்தில் மேலுதட்டை முழுக்க மூடி, வாய்க்குள் விழுகிற மாதிரி அடர்ந்த வெள்ளை மீசை. அதைப் பார்த்ததுமே எனக்குத் திக்கென்றது. அண்ணாச்சி அவருக்குத்தான் முதலில் ஊற்றினார். அரை அடி பின்னால் நகர்ந்தார். துணியை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு அந்த மீசையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கிழவர் மோந்தார். கிளாஸை வைத்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. ஊற்றியவரே சொல்லட்டும் என்று காத்திருந்தார் போலும். அண்ணாச்சி அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, அடுத்தடுத்த கிளாஸ்களுக்கு அதே பாட்டிலை ஊற்றிக்கொண்டு போனார். கம்பெனிக்காரன் மூக்கைச் சுளித்ததை நான் பார்த்தேன். அண்ணாச்சி அவன் பக்கம் பார்க்கவில்லை. தேர்வு வைக்கிறவர் முகத்தை விட்டு அவர் கண் எடுக்கவே இல்லை. ஒரு கிளாஸோடு ட்ரே என் கவுண்டர் ஓரம் வந்தபோது எனக்கே வாடை அடித்தது. மழையில் நனைந்து மக்கிய அட்டைப்பெட்டி. ஐஸ் முடிஞ்சிருச்சு அண்ணாச்சி என்று கத்தினேன். நிஜமாகவே கத்தினேன். ஆனால் அதற்குள் கிழவர் தன் கிளாஸை எடுத்து அவர் கையில் கொடுத்து, நீங்கள் சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டார்.

அண்ணாச்சி கிளாஸைச் சுழற்றினார். மூக்கை உள்ளே விட்டார். கண்ணை மூடி, சுருதி சுத்தமாகச் சொன்னார். ஈரச் சுண்ணாம்பு, பச்சை ஆப்பிள், எலுமிச்சைத் தோல், கடைசியில் கொஞ்சம் கடல்.

கிழவர் எழுந்து அவர் தோளில் கை வைத்தார். எவ்வளவு காலமாக என்று தாழ்ந்த குரலில் கேட்டார். திட்டியிருக்கலாம். பாட்டிலைத் தூக்கி எறிந்திருந்தால்கூட அண்ணாச்சி தாங்கியிருப்பார். அந்தக் கேள்வி அவரை அப்படியே சரித்துவிட்டது. காய்ச்சலுக்குப் பிறகு என்றார். பக்கத்தில் நின்ற மேனேஜர் காதில் விழுந்தது. கிழவர் மேனேஜரிடம் என்னவோ பரிந்து பேசினார், மேனேஜர் ஓட்டல்காரச் சிரிப்புச் சிரித்தார். போகும்போது கிழவர் தன் தோட்டத்து உயர்ந்த பாட்டில் ஒன்றை அண்ணாச்சி கையில் கொடுத்துவிட்டுப் போனார். மூக்கில்லாதவனுக்கு ஒயின். அவர் அன்பாகத்தான் செய்தார், எனக்குத்தான் அவர் மேல் இன்னும் கோபம் போகவில்லை. அறுவடைக்கு வேறு ஓட்டலிலிருந்து ஒரு பையனைக் கூட்டிப்போனார்கள்.

நோன்பு இருந்தது நான். அதற்காக அடி வாங்கியது அவர். என் மேல் தப்பில்லை என்று அவரே நூறு தடவை சொன்னார். தப்பில்லைதான். அந்த ரமலானில் நான் தொழுகையில் கேட்டது அவர் மூக்கு திறக்கட்டும் என்ற ஒன்றே ஒன்று, அது கிடைக்கவில்லை.

அவரை நீச்சல்குளத்தில் டவல் கொடுக்க வைத்தார்கள். வெயிலில் குடைக்கடியில் நின்று, வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு டவல். ஒரு நாள் போய்ப் பார்த்தேன். வருகிறவர் யாரையும் அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"டவல் வாங்குறவன் மூஞ்சியில என்ன வே இருக்கு?" என்றார்.

கொஞ்ச காலத்தில் விசாவை கான்சல் செய்து அனுப்பிவிட்டார்கள். லாக்கரைக் காலி செய்யும்போது வரைபடத்தைக் கிழிக்காமல் அப்படியே விட்டுவிட்டார். கல்லையும் அந்தப் பாட்டிலையும் மட்டும் எடுத்துக்கொண்டார்.

ஊருக்குப் போன பிறகு முதலில் அடிக்கடி போன் பேசினார், பிறகு குறைந்தது. மகளுக்குப் பெங்களூரில் பெண் குழந்தை பிறந்திருந்தது. மனைவியோடு போய்விட்டு அவர் மட்டும் தனியாகத் திரும்பிவிட்டார். ஏன் என்று கேட்டேன்.

"பேத்திய மடியில போட்டு, தலைய மோந்து பாருங்க, பாலு வாசம் அடிக்கும்னா வே மக. மோந்தேன். வெறும் சூடு. ஒண்ணுமே இல்ல, வெறும் சூடு. எனக்கு அங்க இருக்க முடியல."

நான் போனை வைத்துவிட்டு ஐஸ் அறைக்குள் போய் நின்று அழுதேன். வேறு என்ன செய்வது?

போன லீவில் ஊருக்கு வந்தபோது அவரைப் பார்க்கப் போனேன். வருகிறேன் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தேன். கடலுக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி, ஓடு போட்ட வீடு. மனைவி இன்னும் பெங்களூரில்தான். இளைத்திருந்தார். ஆனால் சட்டை வெள்ளை வெளேரென்று தேய்த்துப் போட்டிருந்தது. வாசலிலேயே சொல்லிவிட்டார்.

"இன்னைக்கி சொதி வே."

வாளித் தண்ணீரில் அந்தப் பாட்டில் கிடந்தது. கிழவர் கொடுத்தது, இத்தனை நாளும் திறக்காமல் வைத்திருந்திருக்கிறார். அடுப்படியில் சட்டியை ஒரு தட்டு போட்டு மூடி, பூனை தள்ளாமல் இருக்க மேலே அந்தச் சிப்பிக் கல்லை வைத்திருந்தார்.

"நீரு வாரீருன்னு நேத்தே மீன் வாங்கிட்டேன். நல்ல ஊளி, செவுளு ரத்தமா இருந்துச்சு. பிரிட்ஜுலதான் வச்சிருந்தேன், ராத்திரி பூரா கரண்ட் இல்ல. ஆனா மீன் கண்ணு தெளிஞ்சுதான் கிடந்துச்சு, பாத்துத்தான் வச்சேன்."

அவர் கல்லை எடுத்துத் தட்டைத் திறந்தபோது நான் கூடத்தில் இருந்தேன். அங்கேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கு அந்த வண்டியில் வந்த பெட்டியின் வாடை. தேங்காய்ப்பாலையும் எலுமிச்சையையும் மீறிக்கொண்டு அது கூடத்துக்கு வந்து உட்கார்ந்தது. அவர் நிதானமாகச் சோற்றைப் போட்டு, சொதியை ஊற்றி, மீன் துண்டை உடையாமல் எடுத்து மேலே வைத்தார். எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர். பாட்டிலைத் திறந்து தனக்கு ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றிக்கொண்டார். எத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாரோ அப்படியே எல்லாம் தயாராக இருந்தது.

விழுங்கிவிடுவது என்று நான் முடிவு செய்துவிட்டேன். வயிறு என்ன ஆனால் என்ன, ஒரு தட்டுச் சோறுதானே. மூச்சை அடக்கிக்கொண்டு, பிசைந்து, முதல் வாயை வைத்தேன். நன்றாக இருக்கிறது என்று சொல்ல வார்த்தையையும் தயாராக வைத்திருந்தேன்.

அவர் அரை அடி பின்னால் நகர்ந்து உட்கார்ந்திருந்தார். டம்ளர் கையில் இருந்தது, குடிக்கவில்லை. என் மூக்குக்குக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐஸ் முடிஞ்சிருச்சோ வே?" என்றார்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து வந்து என் முன்னாலிருந்த தட்டை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டார். அதுவரை இங்கிலீஷில் மட்டுமே அவர் சொல்லிக் கேட்டிருந்ததைத் தமிழில் சொன்னார்.

"மன்னிக்கணும் ஐயா. வேற கொண்டு வாரேன்."

தட்டோடு அடுப்படிக்குள் போனார். அங்கே வேறு ஒன்றும் இல்லை. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எச்சில் கையோடு நான் உட்கார்ந்தே இருந்தேன். அவர் வெகுநேரம் வெளியே வரவில்லை.